நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி

பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தாயிற்று. சார்ஜர் வயரும் சுவரோரம் சுருண்டு கிடந்தது. ஆனாலும் லேப்டாப்பின் முன்பக்கத்துச் சின்ன விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் வடிந்துவிடும் என்று தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவன் அவன். அழுத்திப் பிடித்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. விளக்கு அணையவில்லை.

ஏழு மாதமாக அம்மா அந்த மெஷினை அணைத்ததே இல்லை. மூடுவாள், திறப்பாள், அவ்வளவுதான். "அணைச்சா, அவள வெளிய தள்ளிக் கதவச் சாத்துற மாதிரி இருக்குப்பா" என்பாள். தங்கை போய் ஏழு மாதம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதே மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்கென்று ஒரு வீடியோ எடுத்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வீடியோ நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி வரை ஓடும். "அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்று தலை குனிவாள். அங்கேயே படம் நின்றுவிடும். அந்த ஒன்று என்னவென்று தெரியாமல் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை, ஆள் பாதியாகிவிட்டாள். மெஷினை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகவும் விடமாட்டாள். ஊரார் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனுக்கு இதைச் சரிசெய்ய முடியாதது அவமானம். அதைவிடத் துக்கம்.

பழைய ரேம் போதவில்லை என்று முடிவுகட்டினான். வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் ஏந்திப் பிடிக்கிற சின்னப் பலகை அது. பெரிதாகப் போட்டால் மீதியும் ஓடிவிடும். "கிழட்டு மெஷினுக்கு எதுக்குடா பல்லு கட்டுற?" என்று கடை முதலாளி கேலி செய்தார். செய்துவிட்டு, தேடி ஒன்றை எடுத்தும் கொடுத்தார்.

மதியம் மூன்று மணி இருக்கும். மழை பிடித்திருந்ததில் அறைக்குள் சாயங்காலம்போல் மங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரின் நிழல் மேசைமேல் நெளிய, ஈரத் துணியின் வாடையும் திறந்த மெஷினிலிருந்து வந்த பழைய தூசியின் வாடையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் நின்றன. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சாப்பா?"

"இதோ, ஆயிடும்மா."

விளக்கு எரிகிற மெஷினுக்குள் கை விடக்கூடாது என்பது கடையில் அவனே போட்ட சட்டம். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புது ரேமைச் சாய்த்துச் செருகினான். பட்டனைத் தட்டினான்.

மூன்று பீப். ரேமை மெஷின் ஏற்கவில்லை என்று அர்த்தம். கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்து ஊதிவிட்டு மறுபடி போட்டான். மூன்று பீப். பக்கத்துப் பள்ளத்தில் மாற்றிச் செருகினான். இந்தமுறை பீப் வரவில்லை. விசிறி மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. வெதுவெதுப்பான காற்று கையில் பட்டது. அதில் தங்கையின் பவுடர் வாசனை அடித்தது.

திரை நேராக வீடியோவில் வந்து நின்றது. நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அம்மா ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இடம்விட நகர்ந்தபோது அவன் முழங்கை எதையோ இடித்தது. பேட்டரி. அதை அவன் மாட்டவே இல்லை.

படத்தில் தங்கை நிமிர்ந்தாள்.

"தனியா இருக்க முடியலம்மா."

"ஐயோ, என் கண்ணு" என்றாள் அம்மா. "நான் இருக்கேன்டி."

தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வர்றியாம்மா?" என்றாள்.

"வரேன்டி."

"பேசாதம்மா!" படாரென்று மூடியை அறைந்து சாத்தினான். "போ, போய்த் தண்ணி குடி. இது ஏதோ கோளாறு. நான் பாத்துக்கறேன்."

அம்மா சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவன் மெஷினைக் கவிழ்த்தான். ரேமைப் பிடுங்கினான். உள்ளங்கையில் சுட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூடிக்கு உள்ளே மெல்லிய பேச்சு.

ஒரு குரல் இல்லை. இரண்டு.

"அம்மா!" என்று சமையலறைப் பக்கம் கத்தினான்.

"என்னப்பா?"

பதில் லேப்டாப்பிலிருந்து வந்தது.

ஓடினான். அம்மா குழாயடியில் நின்றிருந்தாள். கையில் டம்ளர். நிரம்பி வழிந்தது. புடவை நனைந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"அம்மா, இங்க பாரும்மா. நானும் உன் புள்ளதானம்மா." குழாயை மூடினான். டம்ளர் விரல்களைவிட்டு வரவில்லை. அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டான். வயதான உடம்பு, சில்லென்று, கனமே இல்லாமல் சாய்ந்தது. அவன் அழுதான். உனக்கு நல்லது செய்யத்தானே போனேன் என்று அழுதான்.

உள்ளறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு ஓய்கிறவரை, அவன் தோளில் கிடந்த வாய் சத்தமே இல்லாமல் திறந்து திறந்து மூடியது.