சொன்னவர் வண்டியில் ஏறவும்

திங்கட்கிழமை காலை மரகதவல்லி வீட்டை விட்டுக் கிளம்பும்போது வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்தாற்போல இருந்தது. எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் குடையும் கையுமாகத் தன் வாசலில் நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். 'குடை எடுத்துட்டுப் போம்மா' என்ற மூன்று சொற்கள் அவர் தொண்டைவரை வந்து, அங்கேயே நின்று, வியர்வையாக வெளியேறின.

“மேகம் கறுத்துக் கெடக்குதுங்க அம்மணி,” என்றார் கடைசியில்.

“ஆமாங்க,” என்று அவள் திரும்பிப் போய்க் குடையை எடுத்து வந்தாள். பொன்னுரங்கம் நிம்மதியாக மூச்சுவிட்டார். மேகம் கறுத்திருக்கிறது என்பது செய்தி. செய்தி சொல்வதில் ஆபத்தில்லை. குடை எடுத்துப் போகச் சொல்லியிருந்தால் அது அறிவுரை. அன்று முழுவதும் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு அவரும் கூடவே அலைந்திருக்க வேண்டும்.

உடனிருப்புச் சட்டம் வந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே வரிச் சட்டம்: ஒருவர் மற்றவருக்கு அறிவுரை சொன்னால், அந்தக் காரியம் முடியும்வரை சொன்னவரும் உடனிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் எல்லோர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு செவிமணி உண்டு. அறிவுரை வாயை விட்டு வந்த மறுகணம் அது 'டிங்' என்று ஒலித்துப் பெயரைப் பதிந்துகொள்ளும். மூட்டுவலிக்குக் கஷாயம் சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே கஷாயத்தைக் குடிக்க வேண்டும். விடியலில் எழுந்து ஓடச் சொன்னவர் விடியலில் எழுந்து ஓட வேண்டும். கல்யாணத் தரகர்கள் சட்டம் வந்த மறுவாரமே தொழிலை விட்டுவிட்டார்கள். சேர்த்துவைத்த ஒவ்வொரு தம்பதியோடும் ஓராண்டு ஒரே வீட்டில் குடியிருப்பதென்றால் யாரால் முடியும்?

ஊர் அமைதியாகிவிட்டது. எல்லோரும் உண்மைகளை மட்டும் பேசினார்கள். மரகதத்தின் அம்மா மயிலாத்தாள் அதில் கைதேர்ந்தவள். “பூங்கோதை மக கல்யாணத்துக்கு அரக்குச் சேலைதான் கட்டுனா. நான் ஒண்ணுஞ் சொல்லலை,” என்பாள். இப்படிச் சொல்லாமல் விட்டவை முப்பது வருடமாக அவளுக்குள் குவிந்து கிடந்தன.

ஆனால் கார் விஷயத்தில் உண்மைகள் மட்டும் போதவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிங்காநல்லூரில் ஒரு பழைய மில் கிடங்கை இடித்தபோது சுவருக்குப் பின்னால் அந்தக் கார் கிடைத்தது. பாசிப்பச்சை நிற 'கஜேந்திரா'. மனிதர் கையால் ஓட்டுவது. தானே ஓடும் தன்னூர்திகள் வந்தபிறகு இப்படியொன்றை யாரும் சாலையில் பார்த்ததில்லை. கிடங்கை இடிக்க வந்த பொறியாளர் மரகதவல்லி. இடிபாடுகளைக் கணக்கெடுக்க வந்த அருங்காட்சியக அலுவலர் இளம்பரிதி. இருவரும் ஒருசேர அதன் கதவைத் திறந்தார்கள். கதவு கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தக் கதவை மாட்டும் சாக்கில் பழக ஆரம்பித்தவர்கள், இன்ஜினை இறக்கிய மாதம் நண்பர்களானார்கள். இன்ஜின் முதல்முறை உறுமிய நாளில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

வருகிற ஞாயிறு கல்யாணம். அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போவதென்று முடிவு. அதற்கு முன் வெள்ளிக்கிழமை சாலைத் தேர்வு. கையோட்டு வண்டிக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான். தோற்றால் கஜேந்திரா அன்று மாலையே உலோக மீட்பு உலைக்குப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், வண்டி கிளம்பும். பிரேக் போட்டால் நிற்கும். ஆனால் மறுபடி கிளம்பாது. கியர் போட்டு கிளட்ச்சை விட்டால் திணறும், முனகும், அணைந்துபோகும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் சமர்த்தாக ஓடும்.

“கிளட்ச்சுங்களா, கியர் பாக்ஸுங்களா, வேற ஏதாவதா? உங்களுக்கு என்னங்க தோணுது?” என்று கேட்டாள் மரகதம், காருக்கடியில் படுத்தபடி.

“வண்டி நகரலை,” என்றான் இளம்பரிதி. அது உண்மை.

பழுதுநீக்கும் இயந்திரத்தையும் கேட்டாயிற்று. வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, “இது ஒரு கார்,” என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டது.

இளம்பரிதியிடம் அவளுக்கிருந்த ஒரே குறையும் அதுதான். நல்லவன், பொறுமைசாலி. ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் செவிமணி ஒலித்ததில்லை. 'சாப்பிடுங்க' என்று சொல்ல மாட்டான். “இட்லி ஆறுதுங்க,” என்பான். எனக்காக எதையாவது தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வானா இந்த மனிதன் என்று அவளுக்கு அவ்வப்போது ஒரு சின்ன சந்தேகம் வரும்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அவன்தான் ஓடிவந்தான். “மரகதம்! அருங்காட்சியகத்துல பழைய இணையத்தோட படிமம் ஒண்ணு இருக்குதுங்க. நூத்தி முப்பது வருசத்துக்கு முந்தினது. 'பழைய கார் பைத்தியங்கள்'னு ஒரு பக்கம். நம்ம சிக்கலையே ஒருத்தர் கேட்டிருக்காரு. நாப்பத்தி மூணு பேர் பதில் சொல்லியிருக்காங்க!”

“நாப்பத்தி மூணு பேரா?” அவள் எழுந்து உட்கார்ந்ததில் தலை காரின் அடியில் மோதியது. “அத்தனை பேரும் அந்தாளு கூடக் கார்ல போனாங்களா?”

“யாரும் போகலை. சும்மா சொல்லியிருக்காங்க. சில பேரு கேக்காமயே சொல்லியிருக்காங்க.”

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக நாற்பத்து மூன்று பேர்! அவர்கள் எப்பேர்ப்பட்ட மனிதர்களாக இருந்திருக்க வேண்டும்!

இருவரும் பயபக்தியோடு படித்தார்கள். 'கிளட்ச் பிளேட் போயிருச்சு. கண்ணை மூடிட்டு மாத்துங்க. நான் சொன்னா சரியா இருக்கும்' என்று பிஸ்டன் பரமசிவம் எழுதியிருந்தார். அதற்கு நூற்றுப் பத்துப் பேர் கைதட்டியிருந்தார்கள். சேலத்துச் சிங்கம் என்பவர் கியர் பாக்ஸ் என்றார். மஸ்கட் மைந்தன் இரண்டும் இல்லை, இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுதான் என்றார். ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் வண்டியை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்கச் சொன்னார். பதினேழாவது பதிலுக்கு மேல் எல்லோரும் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டிருந்தார்கள்.

நூற்றுப் பத்துப் பேர் கைதட்டிய அறிவுரை தவறாக இருக்குமா? புதன்கிழமை முழுவதும் செலவழித்துப் புது கிளட்ச் பிளேட்டை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு மாட்டினார்கள். வண்டி கிளம்பியது. நின்றது. பிறகு நகரவில்லை. மரகதம் யாருக்கும் தெரியாமல் நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தாள். அப்போதும் நகரவில்லை.

வியாழக்கிழமை காலை, முகம் வாடிப்போய் மறுபடி படிமத்தைப் புரட்டினாள். கிரிக்கெட் சண்டையெல்லாம் ஓய்ந்தபிறகு, கடைசியில், 'கடைசிபெஞ்ச்' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்.

'எனக்கு உறுதியாத் தெரியலைங்க. உங்க வண்டிய நான் பார்த்ததும் இல்லை. என் வண்டியில இப்படித்தான் இருந்துச்சு, அதனால சொல்றேன். பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள உப்பியிருக்கலாம். வெளிய பார்த்தா புதுசாட்டந்தான் இருக்கும். மிதிச்சா ஆயில் போயிரும், விட்டா திரும்பி வராது. பிரேக் பிடிச்சபடியே நிக்கும். அரைமணி நேரத்துல மெல்லக் கசிஞ்சு வந்துரும், அப்ப வண்டி நகரும். அடுத்த தடவை நிக்கறப்போ, பின்சக்கரப் பிரேக்குல, ஆயில்ல சிக்கின காத்தை எடுக்கற சின்ன நட்டை லேசா இளக்கிப் பாருங்க. ஆயில் பீச்சியடிச்சு சக்கரம் சுத்துச்சுன்னா இதுதான். சுத்தலைன்னா மன்னிச்சுக்குங்க.'

கைதட்டு ஒன்றுமில்லை. கீழே பிஸ்டன் பரமசிவம், 'உறுதியாத் தெரியலைன்னா எதுக்குய்யா சொல்றே? போய் வேலையைப் பாரு' என்று எழுதியிருந்தார். அதற்கு நூற்று நாற்பது கைதட்டு. கடைசிபெஞ்ச் அதன்பிறகு அந்தப் பக்கத்தில் எங்குமே எழுதவில்லை.

மரகதம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்தாள். இளம்பரிதி பிரேக்கை மிதித்துக் காலை எடுத்தான். சக்கரம் இறுகி நின்றது. நட்டை இளக்கினாள். ஆயில் அவள் மூக்கில் பீச்சியடித்தது. சக்கரம் குழந்தையின் பம்பரம் போலச் சுற்றியது.

“கிளட்ச்சு கிளட்ச்சுன்னு கட்டிட்டு அழுதோமே! பிரேக்குங்க பரிதி, பிரேக்கு!” என்று கத்தினாள். கார் டிக்கியில் பிரிக்காத பொட்டலத்தில் கிடைத்த ஹோஸ்தான் அது. பளபளவென்று இருந்ததால் நம்பி மாட்டியிருந்தார்கள். அன்று மாலைக்குள் புதிதாக ஒன்று அச்சிட்டு மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வுத் திடலில் ஆய்வி என்ற இயந்திர அலுவலர் படிவத்தை நீட்டியது. ஏழாவது கேள்வி: 'யாருடைய அறிவுரையின்படி பழுது நீக்கப்பட்டது?'

“நீங்களே கண்டுபிடிச்சதா எழுதறவங்களும் உண்டுங்க,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். அதுவும் வெறும் உண்மைதான்.

மரகதம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். “அந்த மனுசனை ஒருக்கா தொரத்தியாச்சுங்க. நாமளும் மறைச்சா நல்லாருக்காது,” என்று இளம்பரிதியிடம் சொல்லிவிட்டு, 'கடைசிபெஞ்ச்' என்று எழுதினாள்.

“அவர் எங்கே?” என்றது ஆய்வி.

“இறந்து நூறு வருசமாவது ஆயிருக்குங்க.”

“அறிவுரை சொன்னவர் வண்டியில் இல்லாமல் பிரேக் தேர்வு நடத்த இயலாது. மாலை ஐந்து மணிவரை காத்திருக்கிறேன். அதற்குப்பின் உலை.”

“செத்தவரை எங்கீங்க கூட்டிட்டு வர்றது?”

“இது ஒரு கேள்வி,” என்றது ஆய்வி.

மரகதம் காரின் பச்சைப் பானட்டில் கை வைத்து நின்றாள். இளம்பரிதி அவளைப் பார்த்தான். காரைப் பார்த்தான். திடலின் கோடியில் இருந்த கருங்கல் சுவரையும் பார்த்தான். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி போய் நிற்கும் இடம் அது. பிறகு தொண்டையைக் கனைத்தான்.

“மரகதம், அந்த ஹோஸ்தான் கோளாறு. அதை மாத்தினது சரிதான். எனக்கு உறுதியாத் தெரியலை. இருந்தாலும் சொல்றேன். வண்டிய எடுங்க. சுவர் வரைக்கும் வேகமாப் போங்க. பிரேக்கை நம்பி மிதிங்க.”

டிங்.

அவன் வாழ்க்கையில் அந்தச் செவிமணி ஒலித்த முதல் தடவை அது. அவனே பயந்து காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

“அறிவுரையாளர் வண்டியில் உள்ளார்,” என்று ஆய்வி குறித்துக்கொண்டது.

மரகதம் ஏறி உட்கார்ந்து, அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கியர் போட்டாள். கஜேந்திரா உறுமிக்கொண்டு பாய்ந்தது. சுவர் நெருங்கியது. மிதித்தாள். வண்டி சுவருக்கு நான்கடி முன்னால் குனிந்து வணக்கம் சொன்னதுபோல் நின்றது. கிளட்ச்சை விட்டாள். மறுபடி கிளம்பியது. மூன்று தடவை நின்றது, மூன்று தடவையும் கிளம்பியது. இளம்பரிதி கண்ணைத் திறந்தது மூன்றாம் தடவைதான்.

மகிழ்ச்சியில் ஆய்வியையும் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பட்டு அங்கவஸ்திரம் போர்த்திக்கொண்டு வந்துவிட்டது.

மண்டப வாசலில் இரண்டு வாழைமரங்களுக்கு நடுவே காரைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினால் படம் நன்றாக வரும். மரகதம் அரக்குச் சேலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தாள்.

மண்டபத்தில் கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட, அவர்கள் அப்பா அம்மாகூட, மனிதர் கையால் ஒரு வண்டி பின்னால் வருவதைப் பார்த்தவர்கள் இல்லை. ஒரு கணம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் பொன்னுரங்கத்தின் வலது கை அவர் அனுமதி இல்லாமலே மேலே எழுந்தது. விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

“வா வா வா வா... வரலாம் வரலாம்... ஒடிங்க அம்மணி, சோத்தாங்கை பக்கம் ஒடிங்க!”

டிங்.

“அட, பீச்சாங்கை பக்கமுங்க!” என்றார் பக்கத்தில் நின்றவர். டிங். “நேரா வுடு கண்ணு, நேரா வுடு!” டிங். “மெதுவா!” டிங். “மரம், மரம்! முன்னால போயிட்டு வாங்க!” டிங், டிங், டிங். அறுபத்திரண்டு ஆண்டுகள் அடக்கி வைத்தது அணை உடைந்தாற்போல வந்தது. மண்டப வாசல் கோயில் மணி அத்தனையும் ஒன்றாக அடித்ததுபோல் அதிர்ந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே மயிலாத்தாளின் குரல் கேட்டது: “கண்ணாடியப் பாருடி! சேலையத் தூக்கிச் சொருகு! சாப்புட்டியா நீ?”

டிங். டிங். டிங்.

மரகதம் யார் சொன்னதையும் கேட்காமல் காரை நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது.

ஆய்வி கணக்கெடுத்தது. “இருநூற்றுப் பன்னிரண்டு அறிவுரையாளர்கள். ஓட்டுநர் தவிர மூன்று இருக்கைகள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பின்னால் எடுக்க எழுபத்தொரு பயணங்கள்.”

“முன் சீட்டு எனக்குத்தான்,” என்று மயிலாத்தாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் முப்பது வருடப் பாரம் இறங்கிய வெளிச்சம். “மாப்பிள்ளை வேணும்னா நடந்து வரட்டும்.” டிங். “அடிச்சுக்கோ, எனக்கென்ன,” என்றாள் தன் காதைப் பார்த்து. அவளுக்குப் பின்னால் வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. யார் முகத்திலும் வருத்தமில்லை. வரிசையில் நின்றபடியே ஒருவருக்கொருவர் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வி மரகதத்தின் ஜன்னலருகே குனிந்தது. “பதிவுகளின்படி இவர்களில் ஒருவரும் இதற்குமுன் ஒரு காரைப் பின்னால் எடுத்ததில்லை. பிறகு எப்படிச் சொன்னார்கள்?”

“எடுத்திருந்தா ‘உறுதியாத் தெரியலைங்க’ன்னு சொல்லியிருப்பாங்க,” என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

எழுபத்தொன்றாம் பயணத்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கும், இன்னும் ஓர் அறிவுரையாளருக்கு இடமுண்டு என்பதை ஆய்வி கவனித்திருந்தது. காரின் பச்சை நிறத்தைப் பார்த்தது. மயிலாத்தாள் ஜன்னலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தது. பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, பின்சக்கரத்தருகே போய் நின்று, இரும்புக் கையை மெல்ல உயர்த்தியது.

“இன்னும் ஒரு அடி வரலாம்,” என்றது. “வரலாம்... வரலாம்...”