இமயச் சிங்கம் போட்ட ஊதாக் கோடு

"யா அல்லாஹ்... தலைவரே!"

அலறியது ஜாவித். சிறுவாச்சூரைத் தாண்டியிருக்கும் யானைப்பாறையின் அடியில், கையில் ரோஜா மாலையோடு நின்றிருந்தான்.

மாலையை வாங்கிக்கொள்ள வேண்டிய பாறையேறும் கிளப் தலைவர் ஜெயப்பிரகாஷ் மேலிருந்து வந்துகொண்டிருந்தார்.

கயிறு இல்லாமல்!

பாறையின் அடிப்பகுதியை மறைத்து இருபதடி உயர ஃப்ளெக்ஸ். அதில் ஒரு பனிமலை, அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு ஜெயப்பிரகாஷ். 'இமயச் சிங்கமே வருக!'

சிங்கம் வந்தது. படத்திலிருந்த தன் மூக்கைத் தானே கிழித்துக்கொண்டு...

தொப்!

ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார். போடவில்லை. உள்ளூர் கேபிள் சேனல் கேமரா வந்திருந்தது, தலைமுடி கலைந்துவிடுமே!

"அண்ணா!"

பாறையின் உச்சியிலிருந்து ஒரு பெண்ணின் கதறல். இலக்கியா. விழா உண்மையில் அவளுக்குத்தான். இமயமலையில் மலையேற்றப் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். மறுநாள் அரியலூரில் ரயில். அந்த ஃப்ளெக்ஸின் ஓரத்தில் அவள் படமும் இருந்தது. தபால் தலை அளவுக்கு!

*

இன்ஸ்பெக்டர் மேகலா ஜீப்பிலிருந்து இறங்கினாள். கிழிந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். கீழே கிடந்தவரைப் பார்த்தாள்.

"சாமிதுரை, ரெண்டுல எது ஒரிஜினல்?"

"கீழ கெடக்கறதுங்க, மேடம்." ஹெட் கான்ஸ்டபிள் சாமிதுரை இதையும் கடமையாகச் சொன்னார்.

"இந்த கிளப்புல யாரு பொறுப்பு?"

ஜாவித் முன்னால் வந்தான். மாலை இன்னும் கையில் இருந்தது. "நான் செகரெட்டரிங்க. ஊரு லப்பைக்குடிகாடு. உச்சி நண்பர்கள் குழுன்னு பேரு. பத்து வருஷமா பாறை ஏறுறோம். ஒருத்தருக்கும் சின்னக் காயம்கூட ஆனதில்ல!"

"இன்னைக்குச் சேர்த்து வெச்சு ஆயிடுச்சு. எப்படி விழுந்தாரு?"

"மேல பாறையில ஒரு இரும்பு வளையம் அடிச்சிருக்கோம். கயித்த அதுல நுழைச்சு, சரிபாதியில தொங்க விடணும். ரெண்டு முனையும் தரையைத் தொடும். ரெண்டையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டே இறங்கி வரணும்."

"பாதின்னு எப்படித் தெரியும்?"

"நடுவுல கோடு போட்டிருப்போம். அதை வளையத்துல வெச்சாப் போதும்."

மேகலா கயிற்றை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கூடவே அதே ஜாடையில் இன்னொரு கயிறும் இருந்தது. ஒன்றின் முனைகளில் மஞ்சள் டேப். மற்றதில் நீல டேப்.

"மஞ்சள் தலைவரோடது, நீலம் இலக்கியாவோடது. அவங்கவங்க கயித்துலதான் அவங்கவங்க இறங்கணும். அது எங்க கிளப் வழக்கம்" என்றான் ஜாவித்.

பிறகு தொண்டையைச் செருமினான். "மேடம்... ஒண்ணு சொல்லணும். ரெண்டு கயிறும் ஒரு வாரமா இலக்கியா வூட்டுலதான் இருந்துச்சு."

*

ஸ்டேஷன் முற்றத்தில் சாமிதுரை மஞ்சள் டேப் கயிற்றை நீட்டி, இரு முனைகளையும் சேர்த்து மடித்தார்.

கயிற்றின் நடு ஓரிடத்தில் இருந்தது. ஊதா நிறக் கோடு வேறிடத்தில் இருந்தது. இடையில் இரண்டு ஆட்டோக்களை நிறுத்தலாம்!

"அப்ப ஒரு முனை தரைக்கு வரவே இல்ல. அதுக்கு மேலேயே முடிஞ்சுடுச்சு. அதைத் தாண்டினதும் கயிறு வளையத்துல உருவிக்கிட்டு வந்துடுச்சு. ஆளும் வந்துட்டாரு." மேகலா ஜாவித்திடம் திரும்பினாள். "கீழ நின்னவங்க கயிறு தரையைத் தொட்டுதான்னு பார்க்க மாட்டீங்களா?"

"பார்ப்போங்க... ஃப்ளெக்ஸ் மறைச்சிடுச்சு."

"அதை அங்க கட்டச் சொன்னது?"

"தலைவர்தான்."

"முனையில ஒரு முடிச்சு போட்டிருந்தா கைக்குத் தட்டுப்பட்டிருக்குமே?"

"எப்பவும் போடுவோங்க. இடுக்குல மாட்டுதுன்னு போன வாரம் தடை போட்டுட்டாரு."

"யாரு?"

"...தலைவர்தான்."

"ஏன்யா, மூச்சு விடறதுக்காவது உங்களுக்கு உரிமை உண்டா?"

நீலக் கயிற்றையும் மடித்துப் பார்த்தார்கள். ஊதாக் கோடு மிகச்சரியாக நடுவில் இருந்தது.

*

இலக்கியா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கல் குவாரிச் சுவர்களில் ஏறிப் பழகிய விரல்கள். இப்போது துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"உன் கயிறு சரியா இருக்கு. அவர் கயிறு தப்பா இருக்கு. ரெண்டும் உங்க வூட்டுல இருந்துச்சு. இதை வெச்சே உன்னை உள்ள தள்ளலாம், தெரியுமா?" என்றாள் மேகலா.

"மேடம், நான் ஒண்ணும் பண்ணல! நாளைக்கு ரயிலு... மூணு வருஷமா இதுக்காகத்தான் கஷ்டப்பட்டேன். கேஸுன்னு ஒண்ணு வந்தா என்னை அங்க சேர்த்துக்க மாட்டாங்க மேடம்!"

"அவரோட உனக்குச் சண்டைன்னு ஜாவித் சொல்றாரு."

"சண்டை இல்லீங்க. ஒரு சந்தேகம் கேட்டேன். அவ்வளவுதான்."

"என்ன சந்தேகம்?"

இலக்கியா தயங்கினாள். செத்தவரைப் பற்றிக் குறை சொல்ல நல்ல மனசுக்காரர்களுக்கு வாய் வராது. அதனால்தான் ஊரில் பாதி சிங்கங்கள் கம்பீரமாகச் செத்துப்போகின்றன.

"அவர் உச்சியில நிக்கிற போட்டோ இருக்குல்ல மேடம்... ஃப்ளெக்ஸ்ல இருந்தது. அதோட முழுப் படத்தை ஒருநாள் தெரியாம குரூப்புல போட்டுட்டாரு. உடனே அழிச்சிட்டாரு. நான் மட்டும் பார்த்துட்டேன்."

"சரி?"

"ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் இருந்துச்சு. பக்கத்துல நூடுல்ஸ் கடை."

மேகலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இமயமலை உச்சியில நூடுல்ஸ் கடையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அண்ணா, அது உச்சியா, அடிவாரமா'ன்னு. 'நீ அங்க போறேல்ல, போனா தெரியும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. எனக்கு ஏறக் கத்துக்குடுத்தவரு மேடம்..."

அவள் அழுதுவிட்டாள். மேகலா சிரிக்கவில்லை.

அவளுக்குள் ஏதோ ஒன்று இடறியது. இந்தப் பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், நஷ்டம் யாருக்கு?

*

வாசலில் ஒரே களேபரம்.

"என் பொண்ணை எதுக்குங்க புடிச்சு வெச்சிருக்கீங்க?"

இலக்கியாவின் அம்மா பூமாலை. ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் ரயிலுக்குக் கட்டிய மூட்டை. முற்றத்தில் கிடந்த கயிறுகளைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது.

"அட, யாருங்க இதை மண்ணுல போட்டுப் பொரட்டுனது? இப்பத்தான துவைச்சுக் குடுத்தேன்!"

மேகலா சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன பண்ணுனீங்க?"

"துவைச்சேங்க. ஆயுத பூஜைக்கு இதுங்களுக்கும் சந்தனம், குங்குமம்னு அப்பிட்டாங்க. பிசுபிசுன்னு இருந்துச்சு. இவ வேலைக்குப் போனப்ப ரெண்டையும் அலசிக் காயப் போட்டேன்."

"டேப்பு?"

"அது ரெண்டும் உரிஞ்சு வந்துருச்சு. காஞ்சதும் திரும்ப ஒட்டிட்டேன்."

"எந்தக் கலர் எந்தக் கயித்துலன்னு பார்த்தீங்களா?"

பூமாலை அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு? அழகுக்குத்தானே ஒட்டியிருக்காங்க!"

இலக்கியா தலையில் கைவைத்துக்கொண்டாள். பாறையேறும் பரம்பரையில் இப்படியொரு சலவை அதற்குமுன் நடந்ததில்லை!

"ஜாவித்!" மேகலா கத்தினாள். "பூஜையை யாராச்சும் போன்ல எடுத்தீங்களா?"

"நான்தாங்க எடுத்தேன்."

வீடியோ ஓடியது. இரண்டு கயிறுகள். மஞ்சள் டேப், நீல டேப். பூசாரி தட்டைச் சுற்ற, ஒரு கற்பூரத் துண்டு துள்ளி விழுந்தது.

நீல டேப் கயிற்றின் மேல்!

யாரோ தட்டி அணைத்தார்கள்.

"தலைவர் இதுல எங்க?"

"அன்னைக்கு ஒரு ஸ்கூல்ல சிறப்பு விருந்தினர்னு போயிட்டாருங்க. 'உண்மையே உயர்வு'ன்னு பேசுறதுக்கு."

மேகலா முற்றத்துக்கு ஓடினாள். நீல டேப் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே போனாள். சுத்தமாக இருந்தது. ஜெயப்பிரகாஷைக் கைவிட்ட மஞ்சள் டேப் கயிற்றை எடுத்தாள்.

விரல் நின்றது.

லேசான கருகல். பூமாலையின் சோப்புக்கும் மசியாத கற்பூரச் சூடு!

"இலக்கியா, இங்க வாம்மா. அவரைக் கொன்னது அவரோட கயிறு இல்ல. உன்னோடது."

"மேடம்...?"

"ஜாவித், நடுக் கோடு போடறது யாரு?"

"வருஷா வருஷம் பழைய கோடு தேஞ்சு போகும். பூஜைக்கு முந்தின நாள் தலைவர்தான் புதுசா போடுவாரு. அந்த மார்க்கரை வேற யாரும் தொடக் கூடாது. அவர் ஆட்டோகிராஃப் போடறது அதுலதான்."

சாமிதுரை கவரிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து நீட்டினார். இறந்தவரின் சட்டைப்பையில் இருந்தது.

ஊதா நிறம்!

"தன் கயித்துல சரியா போட்டிருக்காரு. உன் கயித்துல தள்ளிப் போட்டிருக்காரு. முடிச்சுக்குத் தடை. கயித்து முனை தெரியாம இருக்க ஃப்ளெக்ஸ். இன்னைக்கு மொதல்ல இறங்க வேண்டியது யாரு?"

"நான்தாங்க" என்றாள் இலக்கியா. "கேமராவைப் பார்த்ததும் 'நான் மொதல்ல இறங்கறேன், நீ அப்புறம் வா'ன்னு பையிலேர்ந்து மஞ்சள் டேப்பைப் பார்த்து எடுத்தாரு..."

"உன்னை மேல அனுப்பத்தான் எல்லாத்தையும் ரெடி பண்ணினாரு. கேமரா ஆசையில, அதுவும் தன் கயிறுன்னு நம்பி, அவரே போயிட்டாரு."

இலக்கியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணா என்று கூப்பிட்டவரின் கை அந்தக் கோட்டைப் போட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பூமாலை ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். விஷயம் முழுசாகப் புரியாவிட்டாலும் மகள் பிழைத்தாள் என்பது புரிந்தது. அவளும் அழுதாள்.

சாமிதுரை பேனாவைத் திறந்துகொண்டு விழித்தார்.

"மேடம், குற்றவாளி பேரு?"

"ஜெயப்பிரகாஷ்."

"இறந்தவர் பேரு?"

"அதையே காப்பி பண்ணிக்குங்க. வேலை மிச்சம்."

*

மறுநாள். அரியலூர் ரயில் நிலையம்.

வண்டி வந்து நின்றது. இலக்கியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் விரல்கள் ஜன்னல் கம்பியை உறுதியாகப் பிடித்திருந்தன.

வழியனுப்ப மேகலாவும் வந்திருந்தாள்.

"உச்சிக்குப் போனா போட்டோ அனுப்பு."

"போக முடியலைன்னா மேடம்?"

"நூடுல்ஸ் கடை சேர்ல உக்காந்தே எடுத்து அனுப்பு. ஆனா சேர் நல்லா தெரியணும்!"

இலக்கியா முதல்முறையாகச் சிரித்தாள். வண்டி நகர்ந்தது.

பூமாலை பிளாட்பாரத்தில் கூடவே ஓடினாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பார் சோப்பை எடுத்து ஜன்னல் வழியாகத் திணித்தாள்.

"அடியே! அங்க எந்த அண்ணன் கயிறு குடுத்தாலும், மொதல்ல நல்லா துவைச்சுடு!"