அத்தையின் மூட்டு ஏன் ஆடியது?

“எல்லாம் நடிப்பு!” பேருந்துப் பணிமனை மேலாளர் போட்ட சத்தத்தில் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “இத்தனை வருஷம் நல்லா ஓட்டினவங்களுக்குத் திடீர்னு எங்கிருந்து வந்துச்சு இடுப்பு வலி?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்திருந்த வாலுவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“எங்க அத்தைக்கு நடிக்கவே வராது சார்! கண்ணாமூச்சி ஆடினாக்கூட சிரிச்சு மாட்டிக்குவாங்க!”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் அத்தையின் இடுப்பு மூட்டு நொறுங்கிப்போனது. செயற்கை மூட்டு பொருத்தினார்கள். அதன்பிறகு ஒரு நாள்கூட அவர் பேருந்து ஓட்டுவதை நிறுத்தியதில்லை. இப்போதோ, இருக்கையை விட்டு எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இதுவா நடிப்பு?

மறுநாள் மருத்துவமனையில் டாக்டரம்மா புது எக்ஸ்ரேயைப் பார்த்தார். “மூட்டு உடையலையே. நல்லாத்தான் இருக்கு.”

“நீங்களுமா!” என்றாள் வாலு.

“சும்மா இருடி,” என்று அத்தை அதட்டினார்.

வாலு சும்மா இருக்கவில்லை. அலமாரியைக் குடைந்து எடுத்து வந்திருந்த பழைய படத்தை நீட்டினாள். “இது மூட்டு வெச்சப்ப எடுத்தது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்களேன்.”

டாக்டர் வைத்துப் பார்த்தார். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே, பழைய படத்தில் இல்லாத ஒரு கறுப்புக் கோடு!

“அட, ஆமா! எலும்பு கரைஞ்சிருக்கு. மூட்டு ஆட ஆரம்பிச்சிருக்கு. அதான் இந்த வலி.”

“யாரு கரைச்சது?”

“உடம்போட காவல் செல்கள் செய்ற வேலை. மூட்டுல இருக்கிற பிளாஸ்டிக் உரசி உரசித் தூசு கிளம்பும். காவல் செல்கள் அதை விழுங்கும். ஆனா செரிக்காது. உடனே உதவிக்கு ஆள் கூப்பிடும். எலும்பைக் கரைக்கிற செல்களும் கிளம்பி வந்துடும்.”

“இதென்ன அநியாயம்! தப்பு பண்ணினது தூசு. எலும்புக்கு எதுக்குத் தண்டனை?”

டாக்டர் சிரித்துவிட்டார். “நியாயமான கேள்விதான். இன்னும் ரெண்டு பரிசோதனை பண்ணிட்டு, மூட்டை மாத்திடலாம். பழையபடி நடக்கலாம்.”

“இதையெல்லாம் எழுதிக் கொடுங்க டாக்டர். பெரிய எழுத்துல!”

அன்று மாலையே பணிமனையில் மேலாளர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கிப்போனது.

“மன்னிச்சிடுங்கம்மா,” என்று முணுமுணுத்தார். “குணமாகிற வரைக்கும் லீவு எடுத்துக்குங்க.”

“நேத்து அவ்வளவு சத்தமாப் பேசினீங்களே சார்,” என்றாள் வாலு. “இது எனக்கே சரியாக் கேக்கலை.”

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். இந்த முறை, தூரத்தில் பேருந்து கழுவிக்கொண்டிருந்தவர்கூடத் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டார்.