மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி

அவளுடைய ஒலிப்பதிவு மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. அன்று காலை கைப்பேசித் திரை மூன்று நிமிடம் இருபத்தாறு நொடி என்று காட்டியது.

பதினான்கு நொடிதானே என்று வேறு யாராக இருந்தாலும் விட்டுத் தொலைத்திருப்பார்கள். எதையாவது விட்டுத் தொலைக்க அவளுக்குத் தெரிந்திருந்தால் இந்த வைத்தியத்துக்கே வந்திருக்க மாட்டாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பார்த்துப் பார்த்தே ஆறு வருடமாகப் பாதி உயிர் போயிருந்தது. திருகைத் தொட்டுப் பார்ப்பாள், குனிந்து மோந்து பார்ப்பாள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வருவாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை. தினமும் தாமதமாகப் போனால் யார்தான் பொறுப்பார்கள், நீண்ட விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் அடுப்பு முன்னாலேயே நின்றுவிட்டவள், பள்ளி விட்டு வந்த மகள் பூட்டிய வாசலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று அழுததைக் கேட்கவில்லை. அன்றைக்கு அக்கா வந்து ஐந்து வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

“நீ முதல்ல சரியாகு. நானே கொண்டாந்து விடறேன்” என்றாள் அக்கா. அது ஆயிற்று, நான்கு மாதம்.

டாக்டரம்மா சொன்ன வழி கேட்கவே விபரீதமாக இருந்தது. எதை நினைத்தால் குலை நடுங்குகிறதோ அதையே சொந்தக் குரலில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். தினமும் இரண்டு வேளை கேட்க வேண்டும். பயத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு நோட்டில் எழுத வேண்டும். அந்த எண் பாதியாகக் குறையும் வரை எழுந்து போய் எதையும் சரிபார்க்கக் கூடாது. ஒன்றும் ஆகாதுதானே என்று யாரிடமும் கேட்கக் கூடாது. மீறிக் கேட்டால் கணவன் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருந்தார். அவனும் நல்ல மாணவனாகப் பாடம் செய்துவைத்திருந்தான்.

“நான் அடுப்ப சரியா அணைக்கல” என்று தொடங்கும் பதிவு. “கேஸ் வீடு பூரா பரவுது. எனக்கு வாசனை வருது. ஆனா நான் எழுந்திருக்கல.” அப்படியே போய், “எல்லாம் என்னாலதான்” என்று முடியும். முதல் வாரம் தொண்ணூற்றைந்து போட்டாள். மூன்றாம் வாரம் நாற்பது. தன் வீட்டுச் சாவைத் தானே சொல்லிக் கேட்பதும் சலித்துப்போகும் என்று யார் கண்டது? கொட்டாவிகூட வந்தது. பாப்பா ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று.

அப்போதுதான் இந்தப் பதினான்கு நொடி.

“எல்லாம் என்னாலதான்” முடிந்த பிறகும் பதிவு ஓடியது. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம். யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு வெறுங்காலோடு தரையில் நான்கைந்து அடி நடக்கும் சத்தம். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

“என்னங்க, இந்தப் பதிவு நீளமாயிடுச்சா?”

கணவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவளைப் பரிவோடு பார்த்தான். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றான்.

“விளையாடாதீங்க. ஒரு தடவ காதுல வெச்சுக் கேளுங்களேன்.”

“நான் கேட்டேன்னா அது உனக்கு உதவி இல்லம்மா. டாக்டர் என்ன சொன்னாங்க?”

டாக்டரம்மாவுக்கே போன் போட்டாள். அவர் அலுத்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் சோர்வாக இருந்தது. “உங்க நோய் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. அடுப்ப விட்டுட்டு இப்ப பதிவப் புடிச்சிருக்கு. திரையைப் பார்க்காதீங்க. கேளுங்க, எழுதுங்க, போதும்” என்றார்.

நியாயம்தான். யாரைக் குறை சொல்வது? புலி வருகிறது என்று ஆறு வருடம் வீட்டையே எழுப்பியவள் அவள்தானே.

வியாழக்கிழமை பதிவு இன்னும் நீண்டது. அந்தக் கால்கள் சமையலறைக்குப் போயின. இழுப்பறை திறந்தது, மூடியது. வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வந்தன. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தின. மூன்றாவது ஜன்னலின் கொக்கி இரண்டு முறை தட்டினால்தான் விழும். பதிவிலும் இரண்டு முறை தட்டியது. அவசரமே இல்லாத கால்கள். இந்த வீட்டை நன்றாகப் பழகிய கால்கள். அவள் நோட்டில் எண்பது என்று எழுதி, அடித்துவிட்டு, நாற்பது என்று எழுதினாள். எண்பது என்று அக்கா காதுக்குப் போனால் பாப்பா வரமாட்டாள்.

ஞாயிறு பாப்பா வந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளும் முன் ஒரு கணம் தயங்கினாள். சாப்பிட்டுவிட்டுக் குழந்தை தன் அறையில் தூங்கிப்போனது. நான்கு மணிக்கு அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவன், இரண்டு நாளாக விடாத ஜலதோஷத்தோடு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

“எல்லாம் என்னாலதான்.”

செருமல். கால்கள். சமையலறையில் ஒரு திருகு திரும்பியது. உஸ்ஸென்று ஓர் இரைச்சல். தீ பற்றவைக்கும் சத்தம் வரவில்லை. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அதன்பின் தரையில் உரசித் திறக்கும் ஒரு கதவு. பாப்பாவின் அறைக் கதவு.

“எழுந்திரு கண்ணு. வெளிய போலாமா?”

அவளுடைய குரல்தான். ஆனால் ஆறு வருடமாக அவளிடம் இல்லாத குரல். பதற்றமில்லாமல், தூங்கி எழுந்த முகம் போலத் தெளிவான குரல்.

அப்போது வாசனை வந்தது.

“என்னங்க. வாசனை வருது.”

அவன் மூக்கை உறிஞ்சினான். கையை இறுக்கிப் பிடித்தான். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

“நிஜமா வருதுங்க. பாப்பா உள்ள இருக்கா. என்னை விடுங்க.”

“பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் உட்காரு. இவ்வளவு தூரம் வந்துட்டே. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?” அவன் கண்கள் கலங்கியிருந்தன.

எழுந்தால் நோய். உட்கார்ந்தால்? எழுந்து ஓடினால் நாளைக்கே அக்கா வருவாள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவாள். உட்கார்ந்தாள். நூறு என்று எழுதினாள்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. யார் சாத்தியது என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

தொண்ணூறு. தலை கனத்தது.

அறுபது. கணவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. கூப்பிட்டாள். உலுக்கினாள். அவன் பிடி மட்டும் தளரவில்லை.

முப்பது. எழ முயன்றாள். கால்கள் எங்கோ இருந்தன. எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

கதவு தரையில் உரசியது. இயர்போன் எப்போதோ காதிலிருந்து விழுந்திருந்தது.

அறையிலிருந்து ஒருத்தி வந்தாள். வெறுங்கால். சோபாவில் இருந்தவளின் அதே முகம், ஆனால் நன்றாகத் தூங்கிய முகம். இடுப்பில் பாப்பா. குழந்தை அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தது. துளிகூடத் தயக்கமில்லை.

வாசற்கதவைத் திறந்தபோது பாப்பா அந்தத் தோளுக்கு மேலாக சோபாவைப் பார்த்தாள்.

“அம்மா, அவங்க யாரு?”

“தெரியலையே கண்ணு” என்றாள் அவள்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி திரும்பியது. ஒரே ஒரு தடவை. சரியாகப் பூட்டியதா என்று யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.