ரைட்டர் மேல் ஐந்து வழக்கு

செவ்வாய்க்கிழமை, காலை 7.50.

கூடத்தின் வடகிழக்கு மூலையில், புது வெள்ளை டைல்ஸ் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டை. முதலில் பார்த்தவள் கலைச்செல்வி. பார்த்த கையோடு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். ஆறு மாத வயிறு. எந்த வாடையையும் தாங்காது.

"நாலாவது தடவை" என்றான் அவள் கணவன் பிரபாகர். கடைக்குக் கிளம்பி நின்றவன், பையைக் கீழே வைத்துவிட்டு பினாயில் பாட்டிலைத் தேடினான்.

குற்றம் சாட்டப்பட்டவர் செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வயது பதிமூன்று. சாம்பல் நிறம். இடது காதில் நுனி கிடையாது. பெயர் ரைட்டர்.

பெயருக்குக் காரணம் உண்டு. கம்பைநல்லூரில் ஒருமுறை பறிமுதல் செய்த அரிசி வேனுக்குள், சாக்குகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த குட்டி அது. அரிசிக்கு உரிமை கோர ஆள் வந்தது; குட்டிக்கு வரவில்லை. ஸ்டேஷன் ரைட்டரின் மேசையில், பதிவேடுகளின் மேலேயே படுத்துத் தூங்கியது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, தலைமைக் காவலர் அமுதவல்லி அதைக் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிப் போனாள். அன்று முதல் அது வாசற்படி தாண்டியதில்லை. மணல் தட்டைத் தவிர வேறு இடத்தில் ஒரு சொட்டு விட்டதும் இல்லை.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, தர்மபுரியில் மகன் பிரபாகர் கட்டிய புது வீட்டுக்கு அமுதவல்லி வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை, ஒரு பூனை.

கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ராணியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். கலைச்செல்வியின் அம்மா. பென்னாகரம் ரோட்டில் தோட்டம், ஒன்பது மாடு. மகளும் மருமகனும் புது வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். மஞ்சள் பைக்குள் பால் கேன், கீரைக்கட்டு, சின்ன பாட்டில் ஒன்று. வந்ததும் மஞ்சள் நீர் கரைத்து, மாவிலையால் மூலைக்கு மூலை தெளித்து, சாம்பிராணி காட்டிவிட்டுத்தான் காபி. ஒரு மண்டலத்துக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "எங்க வூட்டுலயும் மாடு கெடக்கு, நாய் கெடக்கு, கோழி கெடக்கு. எல்லாம் வெளிய கெடக்கு."

அமுதவல்லியால் மறுக்க முடியவில்லை. வாயும் வயிறுமாக இருக்கும் பெண் தினம் இதை முகர்ந்துகொண்டு கிடக்க முடியாது என்று ராணியம்மாள் சொன்னதிலும் தப்பில்லை. பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருமுனை ஸ்டாண்டிலிருந்து தர்மனின் ஆட்டோ வரும். ரைட்டர் கம்பைநல்லூரில் ஒரு அரிசி மில்லுக்குப் போகும். எலிக்குப் பஞ்சமில்லாத இடம். இதைச் சொன்னபோது பிரபாகர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரிப்பா" என்றாள் அமுதவல்லி.

அந்த ஆட்டோவில் இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை. எலியைப் பார்த்தால் கட்டிலில் ஏறிக்கொள்ளும் கிழட்டுப் பூனையைத் தனியாக அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

பிரபாகர் பினாயில் போட்டுத் துடைத்தான். தீட்டுக் கழியட்டும் என்று ராணியம்மாள் அந்த மூலையில் மறுபடி மாவிலையை உதறினாள்.

புதன், காலை 10.15. அரசு கால்நடை மருத்துவமனை.

இளம் டாக்டர் ரைட்டரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீரைப் பரிசோதித்தார். கல் இல்லை, கிருமி இல்லை. பின்னங்கால் மூட்டு கொஞ்சம் இறுக்கம். வயசுக்கு அது இருக்கும். மேசையிலிருந்து பூனையைக் கூடைக்குள் இறக்கியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேற மிருகம் ஏதாச்சும் உள்ள வந்து போகுதாம்மா?"

"சன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்குங்க. கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். பல்லி கூடக் கெடையாது."

"அப்ப புது எடம்னு மெரளுது. போகப் போகச் சரியாயிடும்."

போகப் போக என்பதற்கு அமுதவல்லியிடம் நான்கு நாள்தான் இருந்தது.

வியாழன், காலை 11.00.

மருமகளை எதிரே உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் மோரையும் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"மொதல் தடவை எப்ப?"

"நீங்க வந்த மறுநாள் அத்தை. வெள்ளிக்கெழமை."

"ரெண்டாவது?"

"செவ்வாய்."

"அப்புறம்?"

"வெள்ளி. அதுக்கப்புறம் முந்தாநேத்து, செவ்வாய்." கலைச்செல்வி மோர் குடிப்பதை நிறுத்தினாள். "நல்ல நாளாப் பாத்துப் பண்ணுதுங்க. அதுக்கு என்னைக் கண்டா ஆகல."

"மெத்தையில?"

"இல்ல."

"சோபால? துணிக்கூடையில?"

"இல்லைங்க. மூலையில மட்டுந்தான்."

அமுதவல்லி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். சம்பவம் நடந்த இடமெல்லாம் வட்டம். கூடத்து மூலையில் இரண்டு, படுக்கையறைக் கதவோர மூலையில் ஒன்று, பூஜை அலமாரிக்குக் கீழே ஒன்று. கூடத்து வட்டத்தைப் போடும்போது டைல்ஸ் இடுக்கில் மஞ்சளேறிப் போயிருந்ததைப் பார்த்தாள், பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

காரணம், அவள் கண் வேறொன்றில் விழுந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் குழாயில் தண்ணீர் வரும் நாள். தண்ணீர் வந்தால் வாஷிங் மெஷின் ஓடும். ரைட்டரின் மணல் தட்டு இருந்தது அந்த மெஷினை ஒட்டி. டங்கு டங்கென்று குதிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் எந்தக் கிழவன் நிம்மதியாக உட்காருவான்?

தட்டை மாடிப்படிக்குக் கீழே மாற்றினாள். இறுகிய மூட்டுக்குச் சிரமம் இல்லாமல் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்தினாள். நாளைக்கு மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். இருந்தாலும் சாயங்காலம் டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியும் வைத்தாள். சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் நம்பித் தூங்குகிறவள் இல்லை அவள்.

வெள்ளி, காலை 6.30.

ஸ்டூல் போட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். கண்ணை எடுக்கவில்லை. ராணியம்மாள் வந்தாள். பால் கேனை இறக்கினாள். பாட்டிலிலிருந்து ஒரு மூடியளவு சொம்பில் ஊற்றி, மஞ்சள் கரைத்து, மூலை மூலையாகத் தெளித்தாள். சாம்பிராணி. காபி. மெஷின் மூச்சுக்கூட விடவில்லை.

7.20. ரைட்டர் எழுந்தது. மாடிப்படிக்குக் கீழே போய்ப் புதுத் தட்டை முகர்ந்தது. அமுதவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது தட்டைத் தாண்டி, சமையலறை மூலைக்கு நடந்தது. தரையில் மூக்கை வைத்தது. வாயைப் பாதி திறந்து, உதட்டைச் சுருக்கி, முகத்தைச் சுளித்தபடி அப்படியே நின்றது.

"பாருங்க அத்தை, என்னையப் பாத்துச் சிரிக்குது" என்றாள் கலைச்செல்வி.

அடுத்த நொடி வழக்கு எண் ஐந்து பதிவானது.

பிரபாகர் தலையில் கை வைத்தான். ராணியம்மாள் மாவிலையை எடுத்தாள். அமுதவல்லி மட்டும் குட்டையைப் பார்க்கவில்லை. பூனையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பை அவள் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். குவார்ட்டர்ஸில். துப்பறியும் நாய் வந்துபோன அன்று.

எழுந்து போய்ப் பூஜை அலமாரியைத் திறந்து, ராணியம்மாள் அங்கே வைத்திருந்த பாட்டிலின் மூடியைத் திருகி, முகர்ந்தாள்.

சனி, மாலை 5.00.

சாமான் அறையில் ரைட்டர் இதுவரை தொடாத இரண்டு மூலை. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய சாக்கு. இரண்டு சாக்கிலும், வேறு வேறு சொம்பிலிருந்து, மஞ்சள் நீர் தெளித்தாள். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

6.25. ஒரு சாக்கு காய்ந்து கிடந்தது. இன்னொன்று சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஞாயிறு, காலை 9.40.

ஆட்டோ இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. ராணியம்மாளும் வந்திருந்தாள்; பூனை வழியில் பசியெடுத்துக் கத்தக்கூடாதென்று ஒரு டப்பாவில் கருவாடு வறுத்துக் கொண்டுவந்திருந்தாள். வாசலில் தர்மன், "சரக்கு எங்கீங்க?" என்றான்.

"சரக்குக்கு இன்னும் வாய்தா இருக்கு. உள்ள வந்து உக்காருப்பா" என்றாள் அமுதவல்லி.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரைட்டர் செருப்பு அலமாரியின் மேல்.

"கம்பைநல்லூர்ல ஒருக்கா துப்பறியற நாயைக் கூட்டிட்டு வந்தாங்க. போற போக்குல எங்க வூட்டு வாசக்கால் நெலவுல காலைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. மோந்து பாத்துட்டு இவன் மூஞ்சிய இதே மாதிரி சுளிச்சான். வாசப்படி தாண்டக் கூடாதுன்னு உள்பக்கமா நின்னு அது மேலயே ஊத்த வந்தான். பதறித் தூக்கிட்டுப் போயிட்டேன். நெலவைக் கழுவி விட்டேன், அப்புறம் அந்தப் பக்கமே போகல. வேற மிருகம் மூத்திரம் போன எடத்துல இது என் எடம்னு கையெழுத்துப் போடறது பூனை வழக்கம்."

"இங்கதான் மிருகமே இல்லையேம்மா" என்றான் பிரபாகர்.

"அதான் என்னையும் ஏமாத்துச்சு. சன்னல்ல வலை இருக்கு, கதவு சாத்தியிருக்கு. ஆனா செவ்வாயும் வெள்ளியும் ஒரு மிருகம் உள்ள வந்துட்டுப் போகுது. மூலைக்கு மூலை போகுது. நாம எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்." பாட்டிலை எடுத்து டீப்பாயில் வைத்தாள். "இதுக்குள்ள உக்காந்து வருது."

கோமியம். புதுமனைப் புகுவிழாவுக்குக் கூடத்தில் கட்டி நிறுத்திய அதே செவலைப் பசுவினுடையது.

அமுதவல்லி தொடர்ந்தாள். மஞ்சள் வாசமும் சாம்பிராணியும் மனுஷ மூக்கை ஏமாற்றிவிட்டன. ரைட்டர் மூக்கை ஏமாற்ற முடியவில்லை. அவன் கையெழுத்துப் போடப் போட, தீட்டென்று அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் விழுந்தது. வாரத்தில் இரண்டு நாள் தன் வீட்டுக்குள் ஒரு மாடு புகுந்துவிடுவதாக நினைத்து, பதிமூன்று வயசுக் கிழவன் ஒற்றை ஆளாக ரோந்து சுற்றிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் மஞ்சத்தண்ணி என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அதில் வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இடுக்கில் மஞ்சளைக் கண்ணால் பார்த்த தலைமைக் காவலர் உட்பட.

"குற்றவாளி உங்க செவலைங்க சம்பந்தி" என்றாள். "வேற யாரும் இல்ல."

ராணியம்மாளின் முகம் சிவந்திருந்தது. "எம்மாடு காரணமா? புள்ளத்தாச்சி இருக்கற வூடு நல்லா இருக்கணும்னுதானே..."

"அதுல யாருக்கு என்ன சந்தேகம்? சாமான் ரூம்ல ரெண்டு சாக்கு இருக்கு. ஒண்ணுல வெறும் மஞ்சள், ஒண்ணுல இதுவும் சேத்தி. எதை நனைச்சிருக்கான்னு நீங்களே பாருங்க. கலை, எடுத்துட்டு வாம்மா."

கலைச்செல்வி போனாள். சாமான் அறைக்கு அத்தையின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பி வந்தபோது அவள் கையில் சாக்கு இல்லை.

"அத்தை, டிரங்குப் பெட்டிய ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

முப்பத்தைந்து வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டவள் அவள். பாட்டிலின் மூடியைத் திருகினாள்; திருகியதையே மறுபடி திருகினாள். பிரபாகர் அம்மாவைப் பார்த்தான், இந்த முறை நேராக. எழுந்து உள்ளே போனான். பெட்டி கட்டிலுக்கு அடியில் தள்ளப்படும் சத்தம் கூடம் வரை கேட்டது.

அந்த நேரம் ரைட்டர் அலமாரியிலிருந்து மெதுவாக இறங்கி, டீப்பாயில் முன்னங்காலை ஊன்றி, பாட்டிலை முகர்ந்தது. வாய் பாதி திறந்தது. முகம் சுளித்தது.

ராணியம்மாள் சட்டென்று பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சாக்கெல்லாம் வேண்டாம்" என்றாள். "சாட்சி சொல்லிட்டான்."

அப்புறம் அவளே முந்தானையைச் செருகிக்கொண்டு, சாக்பீஸ் வட்டங்களை அழிக்காமல், வினிகர் கலந்த தண்ணீரால் மூலை மூலையாகக் கழுவினாள். கருவாட்டை ரைட்டர் இங்கேயே தின்றது. வந்த ஆட்டோ சும்மா போகக்கூடாதென்று பாட்டிலோடு அவளே ஏறி உட்கார்ந்தாள். தர்மன் மட்டும் கம்பைநல்லூரில் யாருக்கு என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

செவ்வாய், காலை 6.35.

ராணியம்மாள் சொம்பில் மஞ்சளைக் கரைத்தாள். வெறும் மஞ்சள். மாவிலையை எடுத்தவள், தெளிக்காமல் செருப்பு அலமாரிக்குப் போய், சொம்பை ரைட்டரின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"பாத்துக்குங்க ரைட்டரய்யா. மாடு இல்ல."

ரைட்டர் முகர்ந்தது. முகம் சுளிக்கவில்லை. இறங்கி, மாடிப்படிக்குக் கீழே நடந்தது. கொஞ்ச நேரத்தில் மணலைப் பறிக்கும் சத்தம் கேட்டது.

அமுதவல்லி சாக்பீஸ் வட்டங்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.