ஏழு சின்னக் கற்கள்

செசபீக் விரிகுடாக் கரையில், ஆங்கிலேயர் காலத்து பிராஷர்ஸ் மாளிகை விலைக்கு வந்திருந்தது. அன்று சாயங்காலம் விற்பனைக் கையெழுத்து. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஹேரியட் விக்ஸின் கதவைக் காலையிலேயே தட்டினாள் கிழவி ஒடெஸா கெயின்ஸ்.

"அந்த வீட்டுக்கு அடிமையா உழைச்சுச் செத்த எங்க சனம் தண்ணியோரமா கிடக்கு. எங்கம்மாவும் அங்கதான். இப்ப வேலிக்கு வெளியிலேருந்து பாக்கறேன், சமாதிக் கல்லெல்லாம் வீட்டுக்குப் பின்னால மரத்தடியில நிக்குது! கேட்டா, 'எப்பவும் அங்கதான், உனக்குப் புத்தி தடுமாறுது'ங்கிறான் அந்த வீட்டுக்காரன் லைல். வாங்கறவன் தண்ணியோரத்துல நீச்சல்குளம் வெட்டப் போறானாம். எங்கம்மா மேல!"

ஹேரியட் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு ஒடெஸாவுடன் கிளம்பினாள். சிப்பிப் படகுக்காரன் டெல்பர்ட் கூப்பிடாமலே காரில் ஏறிக்கொண்டான். அந்த ஆளுக்கு வம்பு என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

மாளிகையின் வாரிசு லைல் பிராஷர்ஸ் வாசலிலேயே மறித்தான். "வேற வேலையில்லையா உங்களுக்கு? பாத்துட்டு நடையைக் கட்டுங்க."

மரத்தடியில் பெயர் பொறித்த ஏழு பெரிய கற்கள். பின்னால் தனி வரிசையாக ஏழு சின்னக் கற்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே எழுத்து.

"சின்னதெல்லாம் யாரு?" என்றாள் ஹேரியட்.

"கொழந்தைங்க. பாவம். சின்ன வயசுலேருந்து இப்படியேதான் பாக்கறேன்." முகத்தில் சோகம் வேறு. நடிப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

ஹேரியட் தண்ணீரோரம் வரை நடந்தாள். குளிரில் புல்லெல்லாம் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சைக் கொடி படர்ந்திருந்தது. திரும்பி வந்தாள்.

"அவன்தான்க்கா! மூஞ்சியப் பாருங்க!" என்று குதித்தான் டெல்பர்ட்.

"மூஞ்சி சாட்சி சொல்லாது, டெல்பர்ட். கல்லு சொல்லும்." லைல் பக்கம் திரும்பினாள். "இந்தப் பக்கத்துல ஒரு சமாதிக்கு ரெண்டு கல்லு. தலைமாட்டுல பேரு போட்ட பெரிசு, ஆளு நீளம் தள்ளி கால்மாட்டுல முதலெழுத்து போட்ட சின்னது. பெரிசுல இருக்கிற அதே ஏழு பேரோட முதலெழுத்துதான் சின்னதுலயும் இருக்கு. இதுல கொழந்தையே கிடையாது. பொதைச்சவங்க இப்படித் தனி வரிசையா நட மாட்டாங்க. கல்லு எதுக்குன்னே தெரியாதவன் புடுங்கி நட்டது இது."

"அப்ப நெஜமான எடம்?" என்றான் டெல்பர்ட்.

"அந்தப் பச்சைக் கொடிய சமாதி மேலதான் நடுவாங்க. இங்க ஒரு இலை இல்ல. தண்ணியோரத்துல மண்டிக் கிடக்கு."

லைலின் முகம் சிவந்தது. "கல்லை நகத்தினா என்ன இப்ப? எங்க நெலம்! செத்ததுகளுக்கு எதுக்குத் தண்ணியோரக் காத்து?"

"சமாதியைக் கலைச்சா ஜெயில். ஷெரீப்பைக் கூப்பிடவா?"

ஒடெஸா தடியை ஊன்றிப் போய், லியோட்டா கெயின்ஸ் என்றிருந்த கல்லின்மேல் கை வைத்தாள்.

"புடுங்கின கைதானே திருப்பி நடணும், லைல். மொதல்ல எங்கம்மா. தூக்கு."

லைல் குனிந்தான். டெல்பர்ட் ஒரு கை கொடுக்கப் போனான். ஹேரியட் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.