பூமாலை சாப்பிட்டாள்

நுங்கு சூடாகத் திரும்பி வந்தது.

சற்று முன்புதான் காந்திமதி அதைத் தோலுரித்து, பானைத் தண்ணீரில் குளிரக் குளிரப் போட்டெடுத்து, இடப்பக்கத்துச் சிறுமியின் உள்ளங்கையில் வைத்திருந்தாள். "செத்துப்போனவனோட கண்ணு இது. தடவிப் பாத்துட்டு அடுத்த ஆளுக்குக் குடு. கீழ போட்டா அவுட்டு." கரண்ட் போன சாயங்காலங்களில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முகாம் அக்காக்களுக்குத் தெரிந்த வித்தை. கண்ணுக்கு நுங்கு, ஈரலுக்குக் கேப்பைக் களி, பல்லுக்கு அவித்த மல்லாட்டைக் கடலை. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளின் கை மாறி மாறி, கடைசியில் வலப்பக்கத்துப் பூமாலையிடமிருந்து எல்லாம் காந்திமதிக்கே வந்து சேரும். இத்தனை கை பட்டால் சூடாகாமல் என்ன செய்யும்? நுங்கைத் தட்டில் போட்டுவிட்டு விரலைப் புடவையில் துடைத்தாள். பிசுபிசுப்பு போகவில்லை.

எண்பத்து நான்காம் வருஷக் கத்திரி வெயிலில், மயிலத்துக்குப் பக்கத்தில் லீவு விட்ட பள்ளிக்கூடமொன்றில் நடந்த கோடை முகாம் அது. பெண் பிள்ளைகளைப் பாட வைப்பது, ஆட வைப்பது, அழாமல் தூங்க வைப்பது காந்திமதியின் வேலை. எல்லாம் நடந்தது. இந்தப் பூமாலைதான் உயிரை வாங்கினாள். கண்டமங்கலத்திலிருந்து வந்து இறங்கியதிலிருந்து நீர்மோரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டினாள்.

"அந்தக் கொயந்தைக்கு எதுனா ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? ஜல்தியா வூட்டுக்கு அனுப்பிச்சுடு," என்று சமையல்கார வெள்ளையம்மாள் மத்தியானம்கூடச் சத்தம் போட்டாள்.

விளையாட்டுச் சாக்கிலாவது வாயில் ஏதாவது போட்டுக்கொள்ள மாட்டாளா என்ற நப்பாசையில்தான் காந்திமதி எல்லாவற்றையும் தின்கிற பண்டமாகவே எடுத்து வைத்திருந்தாள். களை கட்டட்டும் என்று தொடக்கத்தில் ஒரு வரி கூடுதலாகவும் சொல்லியிருந்தாள். "செத்தவங்க யாரா இருந்தாலும் வாங்க. வந்து எங்களோட உக்காருங்க." பிள்ளைகள் கீச்சிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்துக் களியை அனுப்பினாள். ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் கும்மிருட்டான ஹாலில் தேங்காயெண்ணெயும் வியர்வையும் வௌவால் எச்சமும் கலந்து புழுங்கின. அவற்றுக்கு அடியிலிருந்து மெல்ல, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையின் பின்பக்கத்து வாய்க்காலைத் தாண்டும்போது அடிக்குமே, அந்தக் கவிச்சி எழும்பி அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும். காலையில் பெருக்கச் சொல்ல வேண்டும்.

களி வந்தது. பூமாலையின் சின்னக் கைகளிலிருந்து அவள் கைக்கு வழுக்கி விழுந்தது. களிக்கு ஏது சவ்வு? லேசாக அழுத்தினாள். உள்ளே ஏதோ உடைந்து, வெதுவெதுப்பாக முழங்கை வரை ஒழுகியது.

சீ! கருமம்! உதறி எறிந்தாள். பொத்தென்று விழுந்தது.

"அக்கா கீழ போட்டுட்டாங்க! அக்கா அவுட்டு!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் ஈரமாகக் கேட்டது.

அது அடங்கியதும், மெல்லுகிற சத்தம்.

"யாருடி திங்கிறது?"

"நாந்தாக்கா," என்றாள் பூமாலை.

காந்திமதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாற்றம்கூட ஒரு நொடி மறந்துபோனது. "தின்னுடி கண்ணு, நல்லாத் தின்னு. மல்லாட்டையா?"

"தெர்லக்கா. உப்பா கீது. ஜவ்வு மாதிரி இஸ்துக்கினு வருது."

மல்லாட்டைக் கிண்ணம் காந்திமதியின் மடியில் இருந்தது. அதை அவள் இன்னும் அனுப்பவே இல்லை.

"யாருடி குடுத்தது?"

"இந்தாண்ட குந்திக்கினு கீறாங்களே, அவுங்க."

இருட்டில் ஏதோ கிழிந்தது. துணி அல்ல. துணி அப்படிக் கிழியாது.

"எனக்கும் குடுங்க," என்றது ஒரு குரல். "எனக்கு," என்றது இன்னொன்று. மறுபடியும் கிழிந்தது. வட்டம் முழுக்க மெல்லத் தொடங்கியது.

"துப்புடி! துப்பு!" பூமாலையின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். நாக்கு. எச்சில். கடைவாயில் மயிர்ச் சுருள். அதனடியில் ஒரு தகடு. வழவழப்பாக. வளைந்து.

நகம்.

காந்திமதி அதைப் பிடித்து இழுத்தாள். பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டு விட மறுத்தாள்.

"இன்னாம்மா, இன்னா கூச்சல்?" கதவு திறந்தது. வெள்ளையம்மாளின் அரிக்கேன் விளக்கு உள்ளே வந்தது. நின்றது. ஆடத் தொடங்கியது.

பிள்ளைகள் எல்லோரும் வட்டம் கலையாமல், கண்கட்டு அவிழாமல் உட்கார்ந்திருந்தார்கள். மோவாயெல்லாம் பளபளத்தது. பூமாலைக்கு அந்தப் பக்கம், விருந்துக்கு வந்த வீட்டில் உட்காருவது போல, அது அடக்கமாக அமர்ந்திருந்தது. முட்டிக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. ஒரு பக்கத் தோளும் இல்லை.

பூமாலை இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அதன் முன்னால் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம். பசிக்குது."

மிச்சமிருந்த ஒற்றைக் கை தன் விலா எலும்புகளை விலக்கி, உள்ளே பொறுமையாகத் துழாவியது.